தாய்-சேய் பிணைப்பை அளவிடுவதில் சிக்கல், உதவி வேண்டும்

இரண்டு பண்பாடுகளில் தாய்க்கும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் உள்ள உணர்வுப் பிணைப்பை ஒப்பிடும் ஆய்வில் எட்டு மாதமாக இருக்கிறேன், இப்போது அப்படியே நின்றுவிட்டது. ஒரே வீடியோவுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் நேர்மாறாக மதிப்பெண் போடுகிறார்கள். பேசாமல் குழந்தையை மடியில் அணைத்தபடியே இருக்கும் தாயை ஒருவர் 'ஈடுபாடு குறைவு' என்கிறார், அந்தத் தாயின் பண்பாட்டிலேயே வளர்ந்த இன்னொருவர் 'மிகுந்த நெருக்கம்' என்கிறார். இரண்டாமவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் அதை எண்ணாக்கத் தெரியவில்லை.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் 'அறிமுகமற்ற சூழல்' சோதனையை (புது அறையில் தாய் சிறிது நேரம் பிரிந்து திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது) முதலிலேயே விட்டுவிட்டேன். தாயைப் பிரிந்தே பழகாத குழந்தை அந்த மூன்று நிமிடப் பிரிவிலேயே பதறிப்போகிறது. 1980களில் ஜப்பானின் சப்போரோவில் நடந்த ஆய்விலும் இதே சிக்கல் பேசப்பட்டது. அப்புறம் 90 அட்டைகள் கொண்ட கியூ-சார்ட்டை (குழந்தையின் நடத்தையை விவரிக்கும் அட்டைகளை, அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று வரிசைப்படுத்தும் முறை) மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்தும் சரிபார்த்தேன். பலர் மாறி மாறித் தூக்கி வளர்க்கும் வீடுகளுக்கு நிறைய அட்டைகள் ஒட்டவே இல்லை. மதிப்பீட்டாளர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தும் கப்பா (மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் காட்டும் எண், 1 என்றால் முழு ஒற்றுமை) 0.4-ஐத் தாண்டவில்லை.

இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மதிப்பீட்டு விதிகளை ஒவ்வொரு பண்பாட்டுக்கும் தனியாக எழுதினால், பிறகு இரண்டு குழுக்களின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது?