சீமென்ஸ் எஸ்எம்331 அனலாக் இன்புட் மாட்யூலில் ஒரு ஜோடி சேனல் போய்விட்டது: பழையது தேடுவதா, புது வகை இடி200எஸ்பிக்கு மாறுவதா?

பாய்லர்_பேனல்:
வணக்கம். பாய்லர் பேனலில் சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி). சென்ட்ரல் ரேக் (சிபியுவும் மாட்யூல்களும் ஒன்றாக இருக்கும் தட்டு), சிபியு 315-2 டிபி. ஸ்லாட் 4, 5, 6 மூன்றிலும் எட்டு சேனல் எஸ்எம்331, நம்பர் 6இஎஸ்7 331-7கேஎஃப்02-0ஏபி0. ஸ்லாட் 6-ல் சேனல் 4, 5 இரண்டும் (புரோகிராம் படிக்கும் முகவரி பிஐடபிள்யூ 296, 298) எப்போதும் 32767, அதாவது வரம்பு மீறிய மதிப்பு காட்டுகின்றன, எஸ்எஃப் (கோளாறு) லைட் சிவப்பு. இந்த இரண்டிலும் வருவது அனலைசரின் ஆக்டிவ் (அனலைசரே கரன்ட் கொடுக்கும்) 4-20 மில்லி ஆம்ப் சிக்னல். மற்ற ஆறு சேனல்களில் 2-வயர் டிரான்ஸ்மிட்டர்கள் (மாட்யூலே 24 வோல்ட் கொடுப்பவை), அவை சரியாக ஓடுகின்றன. லூப்பில் மீட்டர் வைத்தால் கரன்ட்டே வரவில்லை. ஆனால் ஃப்ரன்ட் கனெக்டரை (வயர்கள் வரும் முன்பக்கச் செருகியை) கழற்றி அனலைசர் வயரில் நேராக அளந்தால் 11.8 மில்லி ஆம்ப் வருகிறது.

1. பழைய மார்க்கெட்டில் இதே மாட்யூல் கிடைக்கிறது. வாங்கலாமா?
2. 331-1கேஎஃப்02 விலை குறைவு. அதைப் போட்டால் ஓடுமா?
3. ஓடும்போதே கழற்றி மாட்ட முடியுமா?

லூப்செக்:
மூன்றாவது கேள்விக்கு முதலில்: முடியாது. சென்ட்ரல் ரேக்கில் கரன்ட் இருக்கும்போது மாட்யூலை எடுத்தால் சிபியு ஸ்டாப்புக்குப் போகும், அவுட்புட் எல்லாம் விழும். பாய்லர் என்பதால் ஷட்டவுனில் மட்டும் கை வையுங்கள்.

மாட்யூல் தேடுவதற்கு முன் கியூபைப் பாருங்கள். 7கேஎஃப்02-ன் இடது பக்கத்தில் நான்கு சிறு மெஷரிங் ரேஞ்ச் கியூப்கள் இருக்கும். ஒரு கியூப் இரண்டு சேனலுக்கு. அதில் ஏ, பி, சி, டி என நான்கு நிலை: ஏ தெர்மோகப்பிள், ரெசிஸ்டன்ஸ், மில்லி வோல்ட், பி வோல்டேஜ், சி 4-வயர் கரன்ட் (சொந்தப் பவரில் ஓடும் கருவி), டி 2-வயர் கரன்ட். உங்கள் 4, 5 சி-யிலும் மற்றவை டி-யிலும் இருக்க வேண்டும். சரியாக ஒரு ஜோடி மட்டும் செத்திருப்பதும், இன்புட்டில் மாட்டினால் கரன்ட் நின்றுவிடுவதும் அந்த ஜோடியின் கரன்ட் பாதை திறந்துகிடக்கிறது என்றுதான் சொல்கின்றன.

ஷட்டவுனில் மாட்யூலை வெளியே எடுத்து, 4-5 கியூபையும் 6-7 கியூபையும் இடம் மாற்றுங்கள். எழுத்து நிலை மட்டும் மாறக்கூடாது: 4-5 இடத்தில் சி, 6-7 இடத்தில் டி. பிறகு பார்த்தால் கோளாறு 6-7க்கு நகர்ந்திருந்தால் கியூப்தான் குற்றவாளி. அது தனி ஸ்பேர், 6இஎஸ்7 974-0ஏஏ00-0ஏஏ0. முழு மாட்யூல் வாங்கும் செலவு மிச்சம். கோளாறு 4-5லேயே நின்றால் மாட்யூலின் உள்ளே போய்விட்டது.

ஏன் போனது என்பதையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகும். கரன்ட் இன்புட்டின் தடை சுமார் 25 ஓம், தாங்கும் உச்ச கரன்ட் 40 மில்லி ஆம்ப். ஜங்ஷன் பாக்ஸில் 24 வோல்ட் வயர் தவறிப் பட்டால் கிட்டத்தட்ட 1 ஆம்பியர், 23 வாட். ஒரு நொடி கூடத் தாங்காது. இந்த இரண்டு லூப்பிலும் 50 மில்லி ஆம்ப் ஃப்யூஸ் டெர்மினல் போடலாம். ஃப்யூஸ் வெடிப்பதற்குள் இன்புட் போகவும் கூடும் என்பதால், அனலைசர் பக்கம் ஐசோலேட்டர் (இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கும் கருவி) போடுவதையே நான் விரும்புவேன்.

பழைய_ரேக்:
லூப்செக் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பவரை அணைக்கும் முன் சிபியு நம்பரைப் பாருங்கள். 315-2ஏஎஃப் வகை என்றால் புரோகிராம் பேட்டரியை நம்பி இருக்கிறது. பேட்டரி செத்திருந்து ஃப்ளாஷ் கார்டும் இல்லையென்றால் பவர் ஆஃப் ஆனதும் புரோகிராம் காலி. 2ஏஜி, 2ஏஹெச் வகை என்றால் புரோகிராமை வைத்திருக்கும் எம்எம்சி (மெமரி) கார்டு உண்டு, பயமில்லை. எதுவானாலும் அப்லோடு (புரோகிராமின் நகல்) எடுத்துவிட்டு அணையுங்கள்.

1கேஎஃப்02 அப்படியே மாட்டும் மாற்று அல்ல. அது 40 பின், உங்களுடையது 20 பின், ஆக ஃப்ரன்ட் கனெக்டரே பொருந்தாது. கியூப் கிடையாது, ஒவ்வொரு சேனலுக்கும் வோல்டேஜுக்கும் கரன்டுக்கும் தனித்தனி முனை. முக்கியமாக 2-வயர் டிரான்ஸ்மிட்டருக்கு 24 வோல்ட் அது கொடுக்காது, வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். உங்கள் ஆறு லூப்பையும் மறுபடி வயர் செய்ய வேண்டியிருக்கும். டயக்னாஸ்டிக்கும் போய்விடும், அதாவது வயர் அறுந்தால் சிபியு தானாகச் சொல்லாது. விலையில் மிச்சப்படுத்தியது கூலியில் போகும்.

பழையது வாங்கினால், விற்பவரிடம் முன்பக்கம், இடது பக்கம், லேபிள் ஆகிய மூன்று படம் கேளுங்கள். இடது பக்கப் படத்தில் நான்கு கியூபும் தெரிய வேண்டும். பல மாட்யூல்கள் கியூப் இல்லாமல்தான் வருகின்றன. பின்னால் மாட்டும் யூ வடிவ பஸ் கனெக்டர் கூட வருகிறதா என்றும் கேளுங்கள். "சீல் பிரிக்காதது" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை, புதிய அட்டைப்பெட்டி யாரும் அச்சடிக்கலாம். வந்த வாரமே டேபிளில் பவர் சப்ளை, சிபியு வைத்து எட்டு சேனலையும் லூப் கேலிபிரேட்டரால் (துல்லியமான கரன்ட் கொடுக்கும் கருவியால்) சோதியுங்கள். 4 மில்லி ஆம்புக்கு 0, 12-க்கு 13824, 20-க்கு 27648 வரவேண்டும். அடிப்படைப் பிழை வரம்பு சுமார் 0.5 சதவீதம், எனவே 130, 140 எண்ணிக்கை விலகல் வரை கவலையில்லை. ஒரு சேனல் மட்டும் மற்றதிலிருந்து தனித்து விலகினால் திருப்பி அனுப்புங்கள்.

மாட்டும்போது நடக்கும் வழக்கமான மூன்று தப்புகள்:

புதிய மாட்யூல் கியூப்கள் எல்லாம் பி-யில் வரும். அப்படியே மாட்டினால் 4-20 கரன்ட் 100 கிலோ ஓம் வழியே போக முயலும், லூப் மூச்சு விடாது, ரீடிங் கன்னாபின்னா. பழையதை எடுக்கும் முன் கியூப் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரன்ட் கனெக்டர் கோடிங், அதாவது வேறு வகை மாட்யூலில் மாட்டாமல் தடுக்கும் துண்டு. முதன்முதலில் மாட்டும்போது கோடிங் துண்டின் மேல்பாதி கனெக்டரோடு ஒட்டிக்கொள்ளும். புது மாட்யூலிலும் அதே துண்டு முழுதாக இருக்கும். அதன் மேல்பாதியை எடுக்காமல் கனெக்டரை அழுத்தினால் உட்காராது, ஆட்கள் அங்கேதான் பலம் காட்டி உடைக்கிறார்கள்.

அனலைசரின் வெளியீடு அதன் சொந்தப் பவரில் ஓடுவது. பேனல் 24 வோல்ட் அணைத்தாலும் அந்த வயர்களில் உயிர் இருக்கும். அதையும் தனியே அணையுங்கள். மாட்யூல் ஸ்க்ரூவுக்கு 0.8 முதல் 1.1 நியூட்டன் மீட்டர் போதும்.

பாய்லர்_பேனல்:
கியூப் பற்றி யாரும் சொன்னதில்லை, நன்றி. சிபியு 2ஏஹெச்14, எம்எம்சி இருக்கிறது. ஷட்டவுன் வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஸ்லாட் 5-ல் காலியாக உள்ள 6, 7 சேனல்களுக்கு இரண்டு சிக்னலையும் மாற்றிவிடலாமா? அப்படியே இடி200எஸ்பி பற்றியும் சொல்லுங்கள், எஸ்7-300 நிறுத்தப்படுகிறது என்றார்களே.

லூப்செக்:
மாற்ற முடியாது, ஷட்டவுன் இல்லாமல். ஸ்லாட் 5-ன் அந்த கியூப் டி-யில் இருந்தால் ஆக்டிவ் சிக்னலும் மாட்யூலின் 24 வோல்டும் மோதும். சி-க்குத் திருப்ப மாட்யூலைக் கழற்றியாக வேண்டும், ஹார்டுவேர் கான்ஃபிகையும் (மாட்யூல் அமைப்பு விவரத்தையும்) ஸ்டாப்பில்தான் இறக்க வேண்டும். எப்படியும் ஷட்டவுன் என்றால் கோளாறையே சரிசெய்துவிடலாமே. அதுவரை அந்த இரண்டு மதிப்புகளையும் அனலைசர் திரையில் படித்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் அவை ஏதாவது டிரிப் (பாய்லரை நிறுத்தும் பாதுகாப்பு) அல்லது பிஐடியில் (வால்வைத் தானாகக் கட்டுப்படுத்தும் பகுதியில்) இருக்கிறதா என்று கிராஸ் ரெஃபரன்ஸில் (எது எங்கே பயன்படுகிறது என்ற பட்டியலில்) தேடுங்கள். 32767-ஐ எஃப்சி105 (எண்ணை அளவாக மாற்றும் ஸ்கேலிங் பிளாக்) வரம்புக்கு மேல் என்று பிழை காட்டி உச்ச மதிப்பையே கொடுக்கும். பிஐடி அதை நம்பி வால்வைத் தள்ளும்.

பஸ்_கேபிள்:
எஸ்7-300, இடி200எம் (அதே மாட்யூல்களைத் தொலைவில் வைக்கும் வகை) இரண்டையும் 2023 அக்டோபரில் ஃபேஸ்-அவுட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்பேர் கிடைக்கும், விலை ஏறிக்கொண்டே போகும். மூன்று மாட்யூலுக்கு ஒரு ஸ்பேர் வைத்தால் போதும், ஐந்து வாங்கிக் குவிக்காதீர்கள்.

மாறுவதென்றால் சிபியுவை விட்டுவிட்டு இன்புட்டை மட்டும் முதலில் நகர்த்தலாம். இடி200எஸ்பியில் தேவையானவை: ஐஎம்155-6 டிபி ஹெட் (பஸ்ஸோடு இணைக்கும் தலை மாட்யூல்), 8 சேனல் 2/4-வயர் கரன்ட் அனலாக் கார்டு, ஏ0 வகை பேஸ் யூனிட். இதை ப்ரொஃபிபஸ்ஸில் (சிபியுவோடு பேசும் கேபிளில்) டிபி ஸ்லேவாக, அதாவது சிபியுவுக்குக் கீழ்ப்பட்ட நிலையமாகக் கட்டுங்கள், ஸ்டெப் 7 (புரோகிராம் எழுதும் மென்பொருள்)-ல் ஜிஎஸ்டி ஃபைல் (கருவியின் விவர ஃபைல்) போட்டால் போதும். இரண்டு வசதி: 4-20க்கு இதிலும் 0 முதல் 27648, ஸ்கேலிங் மாறாது. பழைய மாட்யூலை கான்ஃபிகில் நீக்கிவிட்டு புது கார்டுக்கு 288 என்று தொடக்க முகவரி கொடுத்தால் பிஐடபிள்யூ எல்லாம் அப்படியே இருக்கும், லாஜிக்கில் ஒரு வரி தொட வேண்டாம். கியூப் இல்லை, 2-வயரா 4-வயரா என்பதை எந்த முனையில் மாட்டுகிறீர்கள் என்பதும் கான்ஃபிகும்தான் முடிவு செய்கின்றன.

சங்கடம் ஒன்று: ப்ரொஃபிபஸ் கேபிள் அறுந்தால் எட்டு சிக்னலும் ஒரேயடியாகப் போகும். ஓபி86 (பஸ் நிலையம் விழுந்தால் ஓடும் புரோகிராம் பிளாக்) இல்லையென்றால் சிபியு ஸ்டாப்புக்கே போய்விடும், ஓபி122-வும் (சிக்னலைப் படிக்க முடியாதபோது ஓடும் பிளாக்) சேர்த்து இறக்குங்கள். டிரம் லெவல் மாதிரி டிரிப் சிக்னல்களை சென்ட்ரல் ரேக்கிலேயே விட்டுவிட்டு, அனலைசர் மாதிரி இண்டிகேஷனுக்கானதை முதலில் நகர்த்துவேன்.