பழைய மெல்லிசைக் குழுவோடு ஏற்காட்டில் ஒரு நாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், கிடார் வாசிப்பேன். 80களின் கடைசியில் நாங்கள் ஆறேழு பேர் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினோம். ஆடி பிறந்தால் ஊருக்குள் மாரியம்மன் பண்டிகை, சாமி வேஷம் கட்டி வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கை போகிற குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று எங்கே மேடை போட்டாலும் போய் வாசித்துவிட்டு விடிகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவோம். பாட்டை கேசட்டில் ஓட்டி ஓட்டிக் கேட்டு, இடையில் வருகிற பிட்டை எல்லாம் ஸ்வரமாக நோட்டில் எழுதிவைத்துப் பழகிய காலம் அது. அப்புறம் ஒருத்தருக்குக் கோயம்புத்தூரில் வேலை, ஒருத்தருக்கு பஸ் டிரைவர் வேலை, எனக்குப் பட்டறை. சண்டை எதுவும் இல்லை, குழு அப்படியே நின்றுபோனது.

கிடாரை மட்டும் நான் விடவில்லை. இரவு பட்டறையைச் சாத்தியதும் போனில் கரோக்கி ட்ராக் போட்டு அதோடு சேர்ந்து வாசிப்பேன். விரல் பழக்கத்துக்கு அது நல்லது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பாடகர் அண்ணன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று, மலையிலேயே தங்கிவிட்டார். போன ஐப்பசியில் அவர் கூப்பிட்டதும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் கூடி, தட்டுவடை செட் பார்சல் கட்டிக்கொண்டு ஒரே வண்டியில் கிளம்பினோம். ஓட்டியது தபலாக்காரர், ரிட்டயர்டு பஸ் டிரைவர், 20 கொண்டை ஊசி வளைவையும் பேச்சை நிறுத்தாமலே ஏறினார்.

மேலே போனால் ஒரே மூடுபனி, ஜன்னலைச் சாத்தியும் வீட்டுக்குள் ஈரம். தோல் ஈரத்தை இழுத்தால் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், தபலாவைத் தட்டிப் பார்த்தால் நன்றாகவே இறங்கியிருந்தது. தபலாக்காரர் அதை அடுப்புப் பக்கம் காய வைக்க எழுந்தார். பாடகர் அண்ணன் தடுத்தார். "காய வைக்காதப்பா, நானும் இறங்கிட்டேன், நாலரைக் கட்டை சுருதியில பாடுனது இப்ப மூணு கட்டைதான் வருது." சரி என்று தபலாக்காரர் தபலாவின் பக்கவாட்டில் செருகிய மரக்கட்டைகளைச் சுத்தியலால் இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு மூன்றுக்கே சேர்த்துக்கொண்டார். கீபோர்டுக்காரருக்கு சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் வேலை முடிந்தது. எனக்குத்தான் கார்டு எல்லாம் வேறு இடம், ஆனாலும் மூன்று கட்டை என்றால் கிடாரில் விரல் வைக்காமல் மீட்டுகிற திறந்த தந்தியே கிடைக்கும், அந்த முழக்கம் நாலரையில் வாசித்தபோது எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

முதல் பாட்டு சுமாராகப் போனது. இரண்டாவது பாட்டில், பிட் முடிந்து சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் அண்ணனுக்கு மூச்சு வரவில்லை. யாரும் நிறுத்தவில்லை. தபலாக்காரர் அதே நடையை இன்னொரு சுற்று சுற்றினார், கீபோர்டு கார்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது, நான் நிமிர்ந்து தபலாக்காரரைப் பார்த்தேன், அவர் புருவத்தைத் தூக்கினார், அந்தக் காலத்தில் மேடையில் தூக்குவாரே, அதே மாதிரி. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தார், மூன்று பேரும் அந்த முதல் எழுத்திலேயே போய் விழுந்தோம். ட்ராக்காக இருந்தால் பாட்டு அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். இத்தனை வருஷம் தனியாக வாசித்ததில் எனக்குக் கிடைக்காமல் இருந்தது இதுதான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அண்ணி காபியோடு வந்து நின்றவர், பாட்டு முடியும்வரை தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

இருட்டும் வரை வாசித்தோம். பாதிப் பாட்டுக்கு வரி மறந்துபோய் போனைப் பார்த்துத்தான் பாடினோம், பிட் மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு பட்டறை மாடியில் பிராக்டிஸ் நடக்கிறது. அண்ணன் முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிடுகிறார். வருகிற ஆடிக்கு எங்கள் தெருக் கோயிலில் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறோம், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேஸ் கிடாருக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சேலத்துக்குள் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், வயது எதுவானாலும் சரி.