வெள்ளத்தில் நின்ற காரை மறைத்து விற்றிருக்கிறார்கள்: பணத்தைத் திரும்பப் பெற என்ன வழி?

கேள்வி (கோவையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு நிலையத்தில், ஏழு வாரங்களுக்கு முன், 2019-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் ஒன்றை 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் 3,00,000 ரூபாய் வங்கிக் கடன். மீதி, மகளின் படிப்புக்காக எடுத்து வைத்திருந்த சேமிப்பு. பதிவு எண் டிஎன் 22 என்று தொடங்கியதால், சென்னையில் ஓடிய வண்டியாயிற்றே என்ற ஐயத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இது தண்ணீரில் நின்றதா என்று விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் நேரடியாகவே கேட்டேன். ‘ஒரே ஓனர் வண்டி சார், வெள்ளத்தில் நிற்கவே இல்லை, தைரியமாக எடுங்கள்’ என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து கோளாறுகள் தொடங்கின. முதலில் பின்கதவுக் கண்ணாடி இறங்க மறுத்தது. பிறகு ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தது. சென்ற வாரம் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில் பவர் ஸ்டீயரிங் திடீரென்று செயலிழந்து, வளைவில் வண்டியைத் திருப்பவே முடியாமல் போனது. எங்கள் பகுதி மெக்கானிக் முன்பக்கக் கார்பெட்டைத் தூக்கியபோது, அடியில் காய்ந்த வண்டல் மண்ணும் துருவேறிய சீட் ரெயிலும் தெரிந்தன. வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது. இது மழையில் நனைந்த வண்டியல்ல, தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றார்.

விற்பனையாளரிடம் கேட்டால், மூன்று மாத உத்தரவாதம் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான், மின்சாரப் பாகங்களுக்கு இல்லை என்கிறார். ‘வாகனத்தை இருக்கும் நிலையில் பார்த்து, திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்’ என்று ரசீதில் நான் கையெழுத்திட்டிருப்பதையும் காட்டுகிறார். மிகவும் வற்புறுத்திய பிறகு, பழுதுபார்க்கும் செலவில் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது. அந்தக் கையெழுத்தால் என் உரிமை பறிபோய்விட்டதா? இப்போதைக்கு ஸ்டீயரிங்கையாவது சரிசெய்து ஓட்டலாமா, அல்லது அப்படியே நிறுத்திவிட வேண்டுமா? வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1 (தாம்பரம், கார் பணிமனை நடத்துபவர்)

2015 வெள்ளத்துக்குப் பிறகும் மிக்ஜாமுக்குப் பிறகும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: அந்த வண்டியில் இனி உங்கள் மகளை ஏற்றாதீர்கள். பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவதும் அதுதான். அந்த விளக்கு எரிகிறதென்றால், விபத்து நேரும்போது ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழித்து இப்போது ஏன் ஒவ்வொன்றாகக் கெடுகிறது என்று நீங்கள் நினைக்கலாம். வயரின் மேலுறைக்குள் இருக்கும் செம்பு இழைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு துடைத்து, வெயிலில் உலர்த்தி, நறுமணம் தெளித்தாலும், உள்ளே போன ஈரம் மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். எனவே ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்தால் அடுத்த மாதம் இன்னொன்று போகும். 15,000 ரூபாயில் முடிகிற வேலை இதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்கூட முன்பக்கக் கார்பெட் ஈரமாகும், அடியில் துருவும் ஏறும். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் சொல்லும். ஆகவே ஒரே இடத்துப் படத்தை வைத்து வாதிடாமல், நான்கு கால்வைக்கும் இடங்களையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும், டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள திருகுகளையும் படமெடுக்கச் செய்யுங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். மேற்பகுதியைக் கழுவியிருப்பார்கள்; சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் கடைசி முழம் துணியில் சேற்றுக் கோடு பெரும்பாலும் தங்கியிருக்கும். மூடிய இடங்களில் வண்டல் இருப்பதற்கு ஏசி குழாயைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்தது, அந்தக் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஆர்சியைக் காட்டி, முந்தைய சர்வீஸ் விவரங்களைக் கேளுங்கள். 2023 டிசம்பர், 2024 ஜனவரி மாதங்களில் இழுத்து வரப்பட்டதாகவோ, மதிப்பீடு போடப்பட்டதாகவோ ஒரு வரி இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்ததுபோல. அப்போது காப்பீடு வைத்திருந்த நிறுவனம் எது என்று தெரிந்தால் அங்கும் எழுதிக் கேளுங்கள். பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்த வாகன மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை ‘டோட்டல் லாஸ்’ (முழு இழப்பு) என்று கணக்கில் முடித்து, வண்டியை ஏலத்தில் விடுவது வழக்கம். உங்கள் கைக்கு வந்தது அப்படிப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

எதையும் இப்போது சரிசெய்யாதீர்கள். கனெக்டரைத் துடைத்தால் சாட்சியத்தையும் சேர்த்துத் துடைக்கிறீர்கள்.

மறுமொழி 2 (மதுரை, வழக்கறிஞர்)

பணிமனைக்காரர் சொன்னதை நான் சட்டத்தின் பக்கமிருந்து உறுதிசெய்கிறேன். வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. குறை தெரிந்த பிறகும் ஒரு பொருளை உரிமையாளரைப்போலத் தொடர்ந்து பயன்படுத்தினால், அதை ஏற்றுக்கொண்டுவிட்டதாகவே கருத இடமுண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும், நியாயமான காலத்துக்குள் நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் பொருளை வைத்துக்கொண்டால் அது ஏற்பாகிவிடும் என்கிறது. எனவே இந்த வாரத்துக்குள், கார் வேண்டாம், பணத்தைத் திரும்பத் தாருங்கள் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தொலைபேசிச் சண்டையால் பயனில்லை.

ரசீதில் உள்ள அந்த வரிக்கு வருகிறேன். பழைய வண்டி என்றால் டயர் தேய்ந்திருக்கும், கிளட்ச் தளர்ந்திருக்கும். அத்தகைய தேய்மானத்துக்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்பதற்குத்தான் அந்த வரி உதவும். கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய்யை அது மூடாது. நீங்கள் வெள்ளத்தைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள், அவர் குறிப்பாக மறுத்திருக்கிறார், அந்த மறுப்பை நம்பி நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்ததே உங்கள் வழக்கு. உண்மை தெரிந்தே மறுத்தார் என்றால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அது மோசடி. 19-ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தை நீங்கள் தள்ளிவிடலாம். உத்தரவாதம் இஞ்சினுக்கு மட்டும் என்ற வாதமும் இங்கே பொருந்தாது. நீங்கள் உத்தரவாதத்தின் கீழ் எதையும் கேட்கவில்லை. பொய்யைச் சொல்லிப் பெற்ற பணத்தைத்தான் திரும்பக் கேட்கிறீர்கள்.

அவர் பழைய கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்பதால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நீங்கள் நேரடியாகப் போகலாம். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்றாலும், அத்தனை நாள் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம். வண்டியின் நிலை மாறிக்கொண்டே இருக்கும், சாட்சியம் கரைந்துகொண்டே போகும்.

என் அனுபவத்தில், பழைய வாகன வழக்குகள் பெரும்பாலும் தோற்பதற்கு நிபுணர் அறிக்கை இல்லாமைதான் காரணம். மெக்கானிக் வாயால் சொன்னது போதாது. உரிமம் பெற்ற வாகன சர்வேயர் (சேதத்தை ஆய்ந்து மதிப்பிடுபவர்) ஒருவரைக் கொண்டு, நிலையத்துக்கு நாள், நேரம், இடம் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்த பிறகு, ஆய்வு செய்து அறிக்கை வாங்குங்கள். அவர்கள் வந்தால் அவர்கள் கண் முன்னே ஆய்வு நடக்கும். வராவிட்டால், எங்களுக்குத் தெரியாமல் நடந்த ஆய்வு என்று பிறகு சொல்ல முடியாது. அதன்பின் அறிக்கையின் நகல், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, பணம் செலுத்திய வங்கிச் சான்று ஆகியவற்றை இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். அந்தக் கைபேசியை எக்காரணத்தைக் கொண்டும் விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்போது அசல் கருவி கையில் இருக்க வேண்டும்.

அவர்கள் அடுத்ததாக எடுக்கக்கூடிய வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்: ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, முந்தைய உரிமையாளரைக் கேளுங்கள்’ என்பார்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். இரண்டும் நிலையத்தின் பெயரில் இருந்தால் விற்றவர் அவர்தான். மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வாகனங்களை வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். வண்டி அவர் கையில் இருக்கும் காலத்தில் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்று இருக்கிறதா என்று அறிவிப்பிலேயே கேளுங்கள்.

மறுமொழி 3 (சேலத்திலிருந்து)

நான் சட்டம் அறிந்தவன் அல்லன்; ஆனால் இதே துன்பத்தை அனுபவித்தவன். நான் வாங்கியது ஒரு தனிநபரிடம், நிலையத்திடம் அல்ல. அதனால் நுகர்வோர் ஆணையம் எனக்குப் பொருந்தாது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி என்று சொல்லிவிட்டார்கள். அந்த வகையில் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு சிறு மாற்றுக் கருத்து. முழுத் தொகையையும் பெற்றே தீருவேன் என்று நின்றால் ஆண்டுகள் போகலாம், அதற்குள் மாதத் தவணை உங்களை அரித்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். அது தீர்ப்பு எதுவும் சொல்லாது என்றாலும், புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதும்போது எதிர்த்தரப்பின் பேச்சு மாறுவதை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் ஓட்டிய கிலோமீட்டருக்காக ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால் அவர்களும் இறங்கி வருவார்கள். நான் 22,000 ரூபாயை விட்டுக்கொடுத்து நான்கே மாதத்தில் வெளியே வந்தேன்; இன்றும் அதற்காக வருந்தவில்லை.

ஆனால் சமரசம் செய்தால், பணம் வங்கிக் கணக்கில் வரும்வரை சாவியையோ கையெழுத்திட்ட 29, 30 படிவங்களையோ (உரிமை மாற்றப் படிவங்கள்) கொடுக்காதீர்கள். காரைக் கொடுத்த பிறகு ஆர்சி உங்கள் பெயரிலேயே தொடர்ந்தால், நாளை அந்த வண்டி யார் மீதாவது மோதும்போது பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டியை வீட்டு முன்றிலில் நிறுத்திவிட்டேன். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தேன். தாம்பரத்து ஐயா சொன்னபடியே நான்கிலும் பழுப்புக் கோடு ஒரே உயரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது, இது தெரிந்தே செய்தது என்ற எண்ணத்தில் இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. ரசீதும் வங்கிக் கணக்கும் நிலையத்தின் பெயரிலேயே இருக்கின்றன. இரண்டு ஐயங்கள் மட்டும்: தகராறு முடியும்வரை வங்கித் தவணையை நிறுத்தி வைக்கலாமா? காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டுமா?

மறுமொழி 2 (மதுரை, வழக்கறிஞர்)

தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு, நிலையத்துடனான ஒப்பந்தம் வேறு. நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும், வண்டியைக்கூட எடுத்துச் செல்வார்கள். செலுத்திய வட்டியை இழப்பீட்டுக் கோரிக்கையில் தனியாகச் சேருங்கள். காப்பீட்டையும் காலாவதியாக விடாதீர்கள்.

சீட் பெல்ட் கோடுகளை அளவுநாடாவுடன் சேர்த்துப் படமெடுத்து, சர்வேயர் அறிக்கையிலும் இடம்பெறச் செய்யுங்கள். காவல் துறையைப் பொறுத்தவரை, ஏமாற்றுதல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 318-ஆம் பிரிவில் புகார் கொடுக்க முடியும். ஆனால் விற்கும்போதே அவருக்கு உண்மை தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்குச் சர்வீஸ் மையத்தின் பதிவோ, ஏலத்தில் எடுத்ததற்கான ஆவணமோ கிடைக்கட்டும். அதற்கு முன் போனால், இது உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆணையத்தின் மனுவை இ-ஜாக்ருதி இணையதளத்திலேயே பதிவேற்றலாம். எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மேல் 15 நாள் மட்டுமே நீட்டிக்க முடியும். அந்த 45 நாள் வரம்பு கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. வழக்கின்போதே சமரசத்துக்கு அனுப்பும் வழியும் இந்தச் சட்டத்தில் உண்டு என்பதால், சேலம் நண்பர் சொன்ன கதவு மூடிவிடாது. அறிக்கை வந்ததும் அறிவிப்பின் வரைவை இங்கே இடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். பெயர்களையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு இடுங்கள்.