போக்கரில் ஏஸ், கிங், குயின் ஜோடி கையில் வந்தும் ஆடாமல் கீழே வைத்த அனுபவம் உண்டா?

லாஸ் வேகாஸில், 10,000 டாலர் மெயின் ஈவென்ட்டுக்கான 1,100 டாலர் சாட்டிலைட், அதாவது பெரிய போட்டிக்கான இடத்தையே பரிசாகத் தரும் சின்னப் போட்டி. சுமார் 100 பேர் உட்கார்ந்தோம், 10 பேருக்கு மெயின் ஈவென்ட்டில் சீட் (இடம்). மலை மாதிரி சிப்ஸ் குவித்தவருக்கும், கடைசி ஒரு சிப்போடு தொங்கிக்கொண்டிருப்பவருக்கும் கிடைப்பது அதே சீட்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். கையில் வந்த சீட்டுகளைப் பார்த்ததும்தான் மறந்துபோனது.

மிச்சம் 11 பேர். சிப்ஸ் கணக்கில் நான் நான்காவது. பக்கத்து மேசையில் ஒருவரிடம் ஒன்றரை பிக் பிளைண்ட்தான் (ஒவ்வொரு கைக்கும் ஒருவர் முறைவைத்துக் கட்டாயமாகக் கட்டும் பந்தயம்) இருந்தது. இரண்டு கை தள்ளி அவர்தான் பிக் பிளைண்ட் கட்ட வேண்டும். நான் தூங்கியிருந்தால்கூட சீட் வந்திருக்கும். அப்போது பார்த்து எனக்கு இரண்டு கிங். எனக்கு முன்னால், மேசையிலேயே பெரிய சிப்ஸ் குவியல் வைத்திருந்தவர் ஆல்-இன் என்று அத்தனையையும் தள்ளினார். மற்றவர்கள் பயந்து ஃபோல்ட் செய்வார்கள், கையை வைத்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் எதை வைத்து வேண்டுமானாலும் தள்ளக்கூடிய ஆள். "கால்" என்று நானும் ஈடுகட்டினேன்.

அவர் காட்டியது ஏஸ்-ஒன்பது. நூற்றுக்கு எழுபது தடவை நான் ஜெயிக்கிற இடம். ரிவரில், அதாவது மேசையில் விழும் கடைசிப் பொதுச் சீட்டில், ஏஸ் வந்தது. நான் பையை எடுப்பதற்குள் பின்னால் ஒரே கைதட்டல், கட்டிப்பிடித்தல். நான் போனதால் அத்தனை பேருக்கும் சீட்!

ஜெயித்திருந்தாலும் எனக்கு இரண்டு சீட் கொடுத்திருக்க மாட்டார்கள். ஏஸ் ஜோடியே வந்திருந்தாலும் அங்கே ஃபோல்ட்தான். அதுவும் எதிரில் ஏதோ ஒரு கை இருந்தால் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து தடவை போலத் தோற்கும். ரம்மியில் 20 புள்ளி போனால் போகட்டும் என்று ஸ்கூட் விடத் தெரிந்த ஆள்தான் நான். ஆனால் அங்கே விடுவது குப்பைக் கையை.

*

சாட்டிலைட் கதை சரி. அதைப் படித்துவிட்டு யாரும் சாதாரண டோர்னமென்ட்டில் கிங்ஸைக் கீழே வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். முதல் லெவல், எல்லாரிடமும் 150 பிக் பிளைண்ட். பந்தயத்தை ஏற்றும் ரைஸ் மூன்றாவது தடவை வந்ததும் "இது ஏஸ்தான்" என்று எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. பெருமையாகக் கிங்ஸைத் திருப்பிக் காட்டிவிட்டு ஃபோல்ட். ரைஸ் போட்டவர் சிரித்துக்கொண்டே குயின்ஸைக் காட்டினார்.

ஒன்பது பேர் மேசையில் நம்மிடம் கிங்ஸ் இருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். ரைஸ் மேல் ரைஸ் வந்தால் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குயின்ஸும் ஏஸ்-கிங்கும் வைத்துக்கொண்டு அதே ரைஸைப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! பரிசுத்தொகை கண்ணிலேயே தெரியாத நேரத்தில் இந்த ஃபோல்ட் வெறும் பயம்.

*

இன்னொரு டோர்னமென்ட், எனக்குக் குயின்ஸ். பரிசு வட்டத்துக்குள் வர இன்னும் மூன்று பேர் வெளியேற வேண்டும், என்னிடம் 40 பிக் பிளைண்ட். நான் ரைஸ் செய்ய, இரண்டு மணி நேரமாக ஒரு கைகூட ஆடாத பெரியவர் ஒருவர் ஆல்-இன் போட்டார். என்னைவிட அவரிடம் சிப்ஸ் அதிகம்.

உட்கார்ந்து எண்ணினேன். ஏஸ்-கிங் 16 விதமாக வரலாம், ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 6. அவரிடம் இவை மட்டும்தான் என்றால் நான் ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 40 தடவை. பெரியவர் இதைத் தாண்டி எதையும் தொடுகிற ஆளாகத் தெரியவில்லை. குயின்ஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சீட்டைக் காட்டவில்லை. "நல்ல கையா தம்பி?" என்ற மாதிரி ஒரு பார்வை மட்டும். அரை மணியில் பரிசு வட்டத்துக்குள் நுழைந்தேன். நுழைந்த முதல் கையிலேயே ஏஸ்-கிங்கோடு வெளியே வந்தேன், அது வேறு கதை.