படம் காட்டிப் பேசும் நிகழ்வுக்கு ஒரு சொல்: படவுரை

அன்புடையீர்,

வணக்கம். காட்டுயிர்களைத் தேடிச் சென்று பார்த்தவர்கள் தாம் எடுத்த ஒளிப்படங்களைத் திரையில் காட்டிப் பொதுமக்கள் முன்னிலையில் பேசும் நிகழ்வைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்ற வினாவுக்கு இதுவரை நான்கு விடைகள் வந்திருக்கின்றன: விளக்கப்படச் சொற்பொழிவு, ஒளிப்பட விரிவுரை, காட்சியுரை, படங்காட்டு உரை. நான்கையும் அழைப்பிதழிலும் பத்திரிகைச் செய்தியிலும் வாய்ப்பேச்சிலும் வைத்துப் பார்த்தபின், ஐந்தாவதாகப் 'படவுரை' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

பெயரிடப்போகும் பொருளை முதலில் சரியாகப் பார்த்துக்கொள்வோம். கொழும்புக்கு இது புதிய நிகழ்வன்று. வேட்டை விலங்குகள் அருகிப்போவதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1894இல் தொடங்கி, பின்னாளில் வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்த அமைப்பு மாதந்தோறும் பொது உரை நடத்தி வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு 1976இல் உருவான களப் பறவையியற் குழுவும் இத்துறையில் நெடுங்காலமாக இயங்குகிறது. இத்தகைய உரைகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், அடுத்து சிங்களம். ஆனால் அங்கே திரையில் வரும் நிலங்களில் கணிசமானவை தமிழ் வழங்கும் நிலங்கள். மன்னார்க் கரையோரம் பூநாரைகள் இறங்கும் சேற்றுவெளி, 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலை, சுண்டிக்குளம், நெடுந்தீவு ஆகியவற்றைப் பற்றி கொழும்பு வெள்ளவத்தையில் தமிழில் ஒருவர் பேச வந்தால், அழைப்பிதழில் அச்சிட ஒரு சொல் நம்மிடம் இல்லை என்பது வெட்கப்பட வேண்டிய விடயமே.

இந்த உரையில் படத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவுதான் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. வில்பத்துத் தேசியப் பூங்காச் சிறுத்தை ஒன்று திரையில் வருகிறது என்று கொள்வோம். செம்மண் தடத்தின் நடுவே படுத்திருக்கிறது. வால் நுனி மட்டும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. படத்தில் உள்ளது அவ்வளவே. சற்று முன்னர் பற்றைக்குள்ளிருந்து புள்ளிமான் எழுப்பிய எச்சரிக்கைக் குரல், மரவுச்சியில் இருந்த மந்திகள் யாவும் ஒரே திசையை நோக்கிக் கத்தியது, சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் காத்திருந்தது, படச்சட்டத்துக்கு வெளியே முண்டியடித்துக்கொண்டு நின்ற ஜீப்புகள் ஆகிய எதுவும் அதில் இல்லை. பேசுபவர் சொன்னால்தான் அவை கேட்போருக்கு எட்டும். மின்னேரியாக் குளத்துப் படுகையில் யானைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும் படமும் அவ்வாறானதே. வறண்ட மாதங்களில் நீர் பின்வாங்க, வெளிப்பட்ட நிலத்தில் இளம்புல் தளிர்க்கிறது. அதை நாடியே சுற்றுவட்டக் காடுகளின் யானைகள் அங்கு ஒன்றுசேர்கின்றன. அந்தக் காரணத்தைச் சொல்லாத பேச்சாளர் யானைகளைக் காட்டிவிட்டு இறங்கியவர் ஆவார்.

ஆகவே இங்கே படம் முதலில் நிற்கிறது. பேச்சு அதைத் திறந்து காட்டுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல் முதலாகவும் படம் அதற்குத் துணையாகவும் நிற்கும். 'விளக்கப்படச் சொற்பொழிவு' என்ற தொடர் அந்தப் பாடப்புத்தக உறவைத்தான் சொல்கிறது. மேலும் விளக்கப்படம் என்றதும் நமக்கு நினைவு வருவது வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டை. சொற்பொழிவு என்ற சொல்லோ கோவில் திருவிழாவிலும் தேர்தல் மேடையிலும் நெடுங்காலம் புழங்கி, குரலை உயர்த்திப் பேசுவது என்ற சாயலை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருட்டிய மண்டபத்தில் தாழ்ந்த குரலில் 'இந்தப் பறவையின் கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள்' என்று சொல்பவரைச் சொற்பொழிவாளர் என்பது எனக்குப் பொருந்தி வரவில்லை.

'ஒளிப்பட விரிவுரை'யில் குறை குறைவு. எனினும் நம் நாட்டில் விரிவுரை பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்ட சொல். விரிவுரையாளர், விரிவுரை மண்டபம், விரிவுரைக் குறிப்பு என்று அதன் சுற்றமெல்லாம் பரீட்சையோடு தொடர்புடையது. பேரப்பிள்ளையோடு வந்து உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியரையோ சனிக்கிழமை மாலையில் வரும் வங்கி ஊழியரையோ அது வாசலிலேயே தயங்க வைக்கும்.

'காட்சியுரை' அழகான சொல். முன்மொழிந்த அன்பரின் செவி நல்ல செவி. காணும் செயலையும் காட்டும் செயலையும் ஒருங்கே குறிப்பது அதன் பலம். தடை எங்கே என்றால், மிருகக்காட்சிச்சாலை அமைந்துள்ள தெஹிவளையில். மிருகக்காட்சிச்சாலை என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு, விலங்கின் பக்கத்தில் காட்சி என்ற சொல்லை வைத்தவுடன் கூண்டுக் கம்பிகளும் வந்துவிடுகின்றன. கூண்டுக்கு வெளியே உள்ள உயிரைப் பற்றிய நிகழ்வுக்கு இதைவிடப் பொருந்தாத சாயல் வேறில்லை. திரையரங்கின் மாலைக் காட்சி, இரவுக் காட்சி என்ற வழக்கும் குறுக்கே நிற்கிறது.

'படங்காட்டு உரை' பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. 'அவர் சும்மா படம் காட்டுகிறார்' என்று நாம் யாரைச் சொல்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச வருபவருக்கு அந்தத் துன்பம் வேண்டாம்.

இனிப் படவுரைக்கு வருகிறேன். தமிழில் உரை என்ற சொல் பேச்சு என்ற பொருளை மட்டும் உடையதன்று. மூலம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு அதன் பொருளை விரிப்பதும் உரையே. பதவுரை, பொழிப்புரை, விருத்தியுரை என்ற வரிசையில் பதவுரை பதம்பதமாக எடுத்துப் பொருள் சொல்வது. படம்படமாக எடுத்துப் பொருள் சொல்வது படவுரை ஆகிறது. புணர்ச்சியும் ஒன்றே: பதம் என்பதும் உரை என்பதும் சேர்ந்து பதவுரை ஆவது போலவே படம் என்பதும் உரை என்பதும் சேர்ந்து படவுரை ஆகிறது. படம் மூலத்தின் இடத்தில் நிற்கிறது. பேசுபவர் உரையாசிரியரின் இடத்தில் நிற்கிறார். சொல்லும் குறியது, படவுரையாளர், படவுரைத் தொடர், மாதாந்தப் படவுரை என்று பெருக்கவும் இடந்தருகிறது.

ஓர் வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. பழைய உரையாசிரியர் பிறர் பாடலுக்கு உரை சொன்னார்; இங்கே படத்தை எடுத்தவரும் உரைப்பவரும் ஒருவரே. அவர் சென்று கண்டவர் என்பதுதான் இந்நிகழ்வின் உயிர்நாடி. பிறருடைய படங்களை இணையத்திலிருந்து திரட்டிப் பேசுவதையும் படவுரை என்ற சொல் தடுக்காதுதான். அதைத் தடுக்கும் வேலை ஒழுங்கமைப்பாளருடையது. சொல்லின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

எழக்கூடிய தடைகள் மூன்று எனக்குத் தெரிகின்றன. படவுரை என்பதைப் படத்தின் கீழே அச்சிடும் வரி என்று சிலர் கொள்ளலாம். ஆனால் நம் பத்திரிகைகள் அதற்குப் படவிளக்கம், படக்குறிப்பு என்ற சொற்களை ஏற்கெனவே வழங்குவதால் இச்சொல் வெறுமையாகவே கிடக்கிறது. அச்சுத் திருத்துபவர் பிழை என்று நினைத்துப் பதவுரை என மாற்றிவிடக்கூடும் என்பது இரண்டாவது. அது நடக்கும், முதல் இரண்டு மூன்று அழைப்பிதழ்களை நாமே இறுதிவரை பார்த்து அனுப்ப வேண்டும். மூன்றாவதே வலுவானது: இவ்வுரைகளில் ஒலியும் உண்டே என்பது. இலங்கைக்கே உரிய சிறிய செந்நிற ஆந்தை ஒன்றைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட 2001இல் நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. ஆனால் அதன் இனந்தெரியாத குரல் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்த ஆந்தையைப் பற்றிய உரையில் ஒலிப்பதிவுதான் முதன்மை பெறும். இருப்பினும் பெயர் தலைமைக் கூற்றால் அமைவது போதும். சினிமாவைப் படம் என்றே அழைக்கிறோம். பாட்டு விடுபட்டது என்று யாரும் குறைப்படுவதில்லை.

இதனோடு சேர்ந்து வரும் வேறு சில சொற்களைப் பற்றியும் கூறவேண்டும். 'காட்டுயிர்' என்பதில் காடு இருப்பதால் மிரிஸ்ஸக் கடலில் தென்படும் நீலத் திமிங்கலத்துக்கும், கற்பிட்டியின் ஓங்கில்களுக்கும் (டொல்பின்களுக்கும்), 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதி பெற்ற கொழும்பின் சதுப்புகளில் இரவில் திரியும் மீன்பிடிப் பூனைக்கும் அது பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருந்தார். காட்டு என்ற அடை தமிழில் இடத்தை மட்டும் குறிப்பதில்லை. காட்டுக்கோழி என்னும்போது வீட்டுக்கோழி அல்லாதது என்கிறோம். காட்டுப்பன்றி தோட்டத்தில் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தாலும் காட்டுப்பன்றியே. மனிதர் வளர்க்காதது, கட்டுப்படுத்தாதது என்ற பொருள் அந்த அடையில் முன்பே வேர்கொண்டிருக்கிறது. திமிங்கலத்தைக் காட்டுயிர் என்பது முதலில் சற்று உறுத்தும், பழகினால் தேயும். அரசாங்கம் வழங்கும் வனசீவராசிகள் என்ற சொல்லிலும் வனம் இருக்கத்தான் செய்கிறது. நிறுவனப் பெயர்களில் அதை மாற்றாமல் விட்டுவிடலாம்.

நெடுந்தீவுக் குதிரைகள் மட்டும் இந்த வரையறையில் அடங்காமல் நிற்கின்றன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வளர்ப்பு விலங்காக வந்து, பின்னர் தாமாகவே திரிந்து பெருகியவை அவை. அவற்றைக் காட்டுயிர் என்பதைவிட, நம் ஊர்ச் சொல்லான 'கட்டாக்காலி'யே துல்லியம். கட்டாக்காலி மாடு என்று அன்றாடம் சொல்கிறோம்; வளர்ப்பு நிலையிலிருந்து விடுபட்டுத் தன்னிச்சையாக வாழும் விலங்கு என்ற அறிவியற் கருத்துக்கு இதைவிட நல்ல சொல்லை உட்கார்ந்து உண்டாக்க முடியாது. கட்டாக்காலிக் குதிரை, கட்டாக்காலிப் பூனை என்று துணிந்து எழுதலாம்.

காட்டுயிர்களைப் பார்ப்பதற்கு 'நோக்கல்' என்பதையே ஏற்கிறேன். நம் விஞ்ஞானப் பாடநூல்கள் அவதானிப்பு என்று எழுதும். அது குறிப்பேட்டில் எண்ணிக்கை எழுதுபவருக்குரியது, ஆய்வு அறிக்கையில் அப்படியே இருக்கட்டும். பறவை ஒன்றைப் பறக்கவிடாமல் இருகண் நோக்கியை மெல்ல உயர்த்தி, நின்ற நிலையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் செய்வது நோக்கல். பார்த்தல் என்ற சொல் சாத்திரம் பார்த்தல், பொருத்தம் பார்த்தல், வேலை பார்த்தல் என்று எங்கும் பரந்துவிட்டதால் கலைச்சொல்லாக இறுக்கம் பெறாது. செய்பவரைப் பறவை நோக்குநர், காட்டுயிர் நோக்குநர் எனலாம்.

இயற்கையைக் காணச் செல்வதைச் சுற்றுலா என்பதா பயணம் என்பதா என்ற விவாதத்தை நீட்டத் தேவையில்லை. பஸ் பிடித்து, பாட்டுப் போட்டு, சோற்றுப் பார்சலோடு நான்கு இடம் பார்த்து இரவே திரும்புவது சுற்றுலா. சேவை விற்கும் தொழிலுக்கு 'இயற்கைச் சுற்றுலா' என்றும், போய்வந்தவரின் அனுபவத்துக்கு 'இயற்கைப் பயணம்' என்றும் பிரித்துக்கொள்வோம். திரையில் ஒவ்வொன்றாக வரும் படத்துக்கு (slide) 'படவில்லை' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வில்லை என்பது பாடநூலில் கண்ணாடி வில்லையையும் குறிக்கும் என்றாலும் முன்னே படம் இருப்பதால் மயக்கம் இல்லை. படத்தைத் திரையில் விழுத்தும் எறிகருவியை மண்டபக்காரர் 'மல்டிமீடியா' என்றுதான் கேட்பார். அவரோடு வாதிட வேண்டாம், வாடகைச் சீட்டில் அவர் எழுதுகிறபடி எழுதட்டும்.

அழைப்பிதழுக்கு நான் தரும் வாசகம் இது: 'காட்டுயிர் நோக்கலும் இயற்கைப் பயணமும்: மாதாந்தப் படவுரை. யாவரும் வரலாம், அனுமதி இலவசம்.' படவுரை என்பதன் கீழே முதல் சில மாதங்களுக்கு மட்டும் 'ஒளிப்படங்களைத் திரையிட்டு நிகழ்த்தும் உரை' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கலாம். காட்சியுரையை முன்மொழிந்த அன்பர் மிருகக்காட்சிச்சாலைத் தடைக்கு மறுமொழி வைத்திருந்தால், அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் எழுதும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து