கண்மாய் வண்டலில் 200 வருஷ மழையைப் படிக்க முடியுமா?

செம்மண்காடு:
தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய கண்மாய். உள்ளே ஒன்றரை மீட்டருக்குக் கருப்பு வண்டல் இருக்கிறது. எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மண்ணில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி) தனிமங்களை அளக்க வழி உண்டு. 200 வருஷத்து மழை, வறட்சி, மனிதர் செய்த மாற்றம் எல்லாவற்றையும் இதிலிருந்து எடுக்க முடியுமா? எங்கே, எப்படி மண் எடுப்பது? பக்கத்தில் ஊருணியும் இருக்கிறது, அது இன்னும் நல்லதா?

மடையடி:
ஊருணி வேண்டாம் சார். குடிதண்ணீர் என்பதால் தலைமுறை தலைமுறையாகத் தூர்வாரியிருப்பார்கள், பழைய அடுக்கு மிஞ்சியிருக்காது. போதாததற்குப் படித்துறையின் சுண்ணாம்புக் காரை கரைந்து கால்சியத்தை ஏற்றிவிடும். தண்ணீர் வற்றும்போதும் கால்சியம் படியும் என்பதால், அதைப் போய் வறட்சி என்று படித்துவிடுவோம்.

கண்மாயிலும் மடைக்கு முன்னால் உள்ள பள்ளம் வேண்டாம், அதுவும் வாரிய இடம்தான். வரத்துக்கால் வந்து விழும் இடத்தில் மணல்தான் கிடைக்கும். வயலுக்கு வண்டல் அள்ளிய இடம் எது என்று ஊரில் விசாரியுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய இடத்தையும் ஒதுக்குங்கள், அடுக்கு கலைந்திருக்கும்.

மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றிச் சேறு இறுகியதும் இறங்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் வெடிப்பு ஆழமாகப் பிளந்தால் மேல்மண் அதற்குள் விழுந்து கீழ் அடுக்கோடு சேர்ந்துவிடும்.

75 மி.மீ. பி.வி.சி. குழாயை அடித்து இறக்கினால் வண்டல் அமுங்கும். மேலே உள்ள இளகிய சேறுதான் அதிகம் அமுங்கும் என்பதால் குறைந்த நீளத்தை எல்லா ஆழத்துக்கும் சமமாகப் பிரித்துப் போடக் கூடாது. குழாய் இறங்க இறங்க 20 செ.மீ.க்கு ஒருமுறை உள்மட்டத்தை அளந்து குறியுங்கள்.

என்னைக் கேட்டால் குழி வெட்டுவதே மேல். களிச் சுவர் சரியும், அதனால் படி வைத்து வெட்டுங்கள். சுவரைப் பக்கவாட்டில் சுரண்டுங்கள், மேலிருந்து கீழே இழுத்தால் எல்லா அடுக்கும் ஒன்றாகும். பிறகு அடியிலிருந்து மேலாக 2 செ.மீ.க்கு ஒரு பை. பிளாஸ்டிக் கரண்டி போதும், நாகம் பூசிய கரணை துத்தநாகக் கணக்கைக் கெடுக்கும்.

பைக்குள் போடும் முன் சுவரை நிதானமாகப் பாருங்கள். தூர்வாரிய தடம் கத்தியால் கீறிய கோடு மாதிரி தெரியும்: கீழே இறுகிய களி, மேலே சரளையும் நத்தை ஓடும் கலந்த இளமண். அந்தக் கோட்டில் எத்தனை வருஷம் காணாமல் போனது என்பதை எந்தத் தனிமமும் சொல்லாது.

களிப்பொடி:
டைட்டானியம் கூடினால் மண் அரிப்பு கூடியது என்று மட்டும் எழுதுங்கள். மழை கூடினாலும் அப்படித்தான், மேட்டில் காட்டை அழித்தாலும், மேல்கண்மாய் உடைந்தாலும் அப்படித்தான். சிர்கோனியம் மணலோடும் ருபீடியம் களியோடும் வரும், ஆகவே சிர்கோனியம்/ருபீடியம் விகிதத்தைப் பக்கத்தில் வைத்தால் மணல் வந்ததா களி வந்ததா என்பது பிடிபடும்.

இரும்பு/மாங்கனீசு விகிதத்தை விட்டுவிடலாம். ஆழமான ஏரியில் அடித்தண்ணீரின் ஆக்சிஜனைச் சொல்லும் விகிதம் அது. வருஷாவருஷம் காய்ந்து வெடிக்கும் கண்மாயில் அதற்குப் பொருள் இல்லை.

மாசுக்கு உலகச் சராசரிப் பாறையை அளவுகோலாக வைக்காதீர்கள். நம் செம்புறாங்கல் மண்ணில் இரும்பு இயல்பிலேயே அதிகம். உங்கள் குழியின் அடிமண்ணே அளவுகோல். உதாரணத்துக்கு, அடியில் ஈயம் 20, டைட்டானியம் 5000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு); மேலே ஈயம் 30, டைட்டானியம் 6000. ஈயம் ஒன்றரை மடங்கு ஆனதுபோல் தெரியும். ஈயத்தை டைட்டானியத்தால் வகுத்து மேலையும் கீழையும் ஒப்பிட்டால் 0.005/0.004, அதாவது 1.25 மடங்குதான். 1.5க்குக் கீழே இருப்பதை மாசு என்று சொல்லத் துணிய வேண்டாம்.

கரிமப் பொருளுக்கு 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரியில் 4 மணி நேரம் எரித்து மறுபடி எடை போடுங்கள். களி தன் படிகநீரையும் அந்தச் சூட்டில் விடும், ஆகவே கிடைக்கும் எண் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும்.

அரைவாழ்வு:
200 வருஷம் என்பதுதான் சிக்கலே. அடுக்கின் வயதைச் சொல்லும் கதிரியக்க ஈயம்-210இன் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 22 ஆண்டு, 150 ஆண்டைத் தாண்டி எட்டாது. கார்பன்-14க்கோ அளவை ஆண்டாக மாற்றும் திருத்தக் கோடு 1650 முதல் 1950 வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, ஒரே விதைக்கு மூன்று நான்கு காலம் வரும். அணுகுண்டுச் சோதனைகளால் விழுந்த சீசியம்-137இன் 1963 உச்சம் நம் அட்சரேகையில் மங்கல், தெரியாமலே போகலாம்.

இன்னொன்று, தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) ஒரு வறண்ட அடுக்கில் ஒட்டவைத்து அதையே தேதியாக்காதீர்கள். நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்ததாகிவிடும்.

செம்மண்காடு:
அப்படியானால் கையில் உள்ள பணத்தை முதலில் எதில் போடுவது?

அரைவாழ்வு:
ஈயம்-210இல் போடுங்கள். மேலிருந்து 10 மாதிரி, காமா அளவீடு. டப்பாவைக் காற்றுப் புகாமல் அடைத்து 3 வாரம் வைத்த பிறகே எண்ணச் சொல்லுங்கள். மண்ணிலுள்ள ரேடியம் ரேடான் வாயு வழியாகத் தானே தரும் ஈயம்-210ஐக் கழித்தபின் மிஞ்சும் மிகைதான் வயதைச் சொல்லும். ரேடான் கசிந்தால் ரேடியம் குறைவாகத் தெரியும், கழித்து வரும் மிகை ஈயம்-210 தவறாகும். அந்த மிகை ஆழத்தோடு சீராகக் குறைந்தால் தனிமங்களுக்குப் போங்கள். திடீரென்று விழுந்தாலோ, மேல் 40 செ.மீ.க்கு ஒரே அளவாக நின்றாலோ மண் வாரப்பட்டிருக்கிறது, அல்லது கலந்திருக்கிறது. 50 மீட்டர் தள்ளி வேறு குழி பாருங்கள்.