ஐரோப்பிய ஒன்றியம் உங்களுக்குக் கைகொடுத்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

என்னுடையதை முதலில் எழுதுகிறேன். 2018 ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஸ்பன் போயிருந்தோம். அந்த ஊர் நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல், கண்ணாடி மாதிரி வழுக்கும். இறக்கத்தில் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பயணக் காப்புறுதி எடுக்கவில்லை. போர்த்துக்கீச மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எவ்வளவு கேட்கப் போகிறார்களோ என்று நெஞ்சு படபடத்தது.

அரச ஆஸ்பத்திரியில் பதிவு செய்த பெண், அம்மாவின் ஜேர்மன் காப்புறுதி அட்டையை வாங்கி மறுபக்கம் திருப்பினார். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம். இலக்கத்தைப் பார்த்துத் தட்டினார், அவ்வளவுதான். ஐரோப்பிய மருத்துவக் காப்புறுதி அட்டை இத்தனை வருடமாக எங்கள் பேர்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது! எக்ஸ்ரே எடுத்து மாக்கட்டுப் போட்டார்கள். உள்ளூர்க்காரருக்கு என்ன கட்டணமோ அதேதான் எங்களுக்கும். அம்மாவிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். எந்த நாட்டில் காப்புறுதி என்பதைத்தான் பார்த்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை நம்பிப் போகாதீர்கள். நோயாளியை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் இதில் இல்லை.

*

எங்களுக்கு விமானத்தில். 2019இல் பாரிஸிலிருந்து ஏதென்ஸ், நாலு பேர். இயந்திரக் கோளாறு என்று ஐந்து மணி நேரம் பிந்தித்தான் போய் இறங்கினோம். வவுச்சர் தருகிறோம் என்றார்கள், நான் வாங்கவில்லை. விமானம் பிந்தினால் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லும் ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, பயணத் தூரம் 1500 கிலோமீட்டருக்கு மேல் 3500க்குள் என்றால் ஆளுக்கு 400 யூரோ. இரண்டு தரம் மறுத்தார்கள். விதி இலக்கத்தைப் போட்டு மூன்றாம் தரம் எழுதிய பிறகு 1600 யூரோ வங்கிக்கு வந்தது. புயல் போன்ற காரணம் என்றால் கிடைக்காது. அதற்காகக் கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

*

அக்கா, காப்புறுதி அட்டைக்குப் பாஸ்போர்ட் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் பார்க்கிறார்கள். நான் இத்தாலியில் வதிவிட அனுமதியோடு இருப்பவன். எனக்கும் என்னோடு வேலை செய்த ருமேனியாக்காரருக்கும் நெதர்லாந்தில் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்றியத்தின் குடிமகன் என்பதால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த கிழமையே சேர்ந்துவிட்டார். எனக்கு அனுமதிக் கடிதம் வருவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மகனுக்காவது அப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியவேண்டும்.